பிடி விடுகிற காந்தம்

எங்க வீட்டுக்காரருக்கு இடது கையில மூணு விரல்தான். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் அச்சு மெஷின் இழுத்துக்கிட்டுது. பார்க்கிறவங்க எல்லாரும் ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்குப் பாவம் வரல, ஆத்திரம்தான் வந்தது. கழுவுற துணியைக் கையில சுத்திக்கிட்டு ஓடுற மெஷினைத் துடைக்கிற மனுஷனை என்னன்னு சொல்றது?

எங்க பிரஸ்ஸுல இருக்கிறது ஒரே ஒரு மினி ஆஃப்செட் மெஷின். வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை, அதுக்குள்ள அது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மாதா திருவிழா அழைப்பு, உப்புப் பாக்கெட்டுக்குள்ள போடுற சீட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதுலதான் ஓடும். மை வைக்கிற பக்கத்துல வரிசையா ரப்பர் ரோலர்கள். ஒண்ணை ஒண்ணு தொட்டு உருண்டு மையை மெல்லிசாத் தேய்ச்சுக் கொடுக்கும். கலர் மாத்தும்போதும் வேலை முடிஞ்ச பிறகும் அந்த ரோலர்களை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவணும். முறைப்படி பார்த்தா மோட்டாரை நிறுத்திட்டு, கைச்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தி, துடைக்கணும். இந்த ஊர்ல ஒருத்தரும் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை. மோட்டார் ஓடும். பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில முக்கி, உள்ளங்கையைச் சுத்தி ரெண்டு சுத்துப் போட்டு, உருளுற ரோலர் மேல வச்சு அழுத்துவாங்க. சுத்தாமப் பிடிச்சா துணி வழுக்கும், எண்ணெய் முழங்கை வரைக்கும் ஒழுகும். சுத்திப் பிடிச்சா வேலை சட்டுனு முடியும். ஆனா ரெண்டு ரோலர் சேருற இடத்துல துணியோட நுனி மாட்டிச்சுன்னா துணி போகும், துணி சுத்தின கையும் கூடவே போகும். அப்படித்தான் போச்சு.

மெஷினோட வந்த காப்புத் தகடு எங்கேன்னு கேட்பீங்க. உப்புக் காத்துல துரு ஏறி, ஒரு நாள் கழட்டினது கழட்டினதுதான். திரும்ப மாட்டல.

விரல் போனதுக்குப் பிறகு அவர் மெஷினைக் கழுவவே பயந்தார். அச்சடிப்பார், கழுவுற நேரம் வந்தா மட்டும் முகம் வெளிறிடும். மோட்டாரை அணைச்சுட்டு, ஒரு கையால சக்கரத்தைச் சுத்தி, மூணு விரலால துடைச்சு, மணிக்கணக்கா நிப்பார். ராத்திரி தூக்கத்துல வலது கையை நெஞ்சோட சேர்த்து வச்சுக்கிட்டுப் படுப்பார், யாரோ பிடுங்க வர்ற மாதிரி. “இந்தக் கையும் போச்சுன்னா நான் எதுக்குளா இருக்கணும்?”னு ஒரு நாள் கேட்டார். அந்த வலது கைக்காகத்தான் நான் இந்த வேலையில இறங்கினேன், வேற எதுக்காகவும் இல்லை.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில ஆசிட் பம்ப் ரிப்பேர் பார்க்கிறேன். கெமிக்கல் கம்பெனிக்குப் போற பம்ப்புல ஒரு ரகம் உண்டு. மோட்டார் ஒரு பக்கம், உள்ளே சுத்துற இறக்கை இன்னொரு பக்கம், நடுவுல பிளாஸ்டிக் சுவர். சுவரைத் துளைச்சுக்கிட்டு ஷாஃப்ட் எதுவும் போகாது, அதனால ஆசிட் கசியாது. ரெண்டு பக்கமும் காந்தம். இந்தப் பக்கக் காந்தம் சுத்தினா அந்தப் பக்கக் காந்தம் கூடவே சுத்தும். இறக்கையில ஏதாவது சிக்கினா காந்தம் பிடியை விட்டுடும். மோட்டார் பாட்டுக்கு ஓடும், இறக்கை நிக்கும். பட்டறையில எல்லாருக்கும் அது தொல்லை. ‘சவம், திரும்பவும் விட்டுட்டு’ன்னு திட்டுவாங்க. ஒரு நாள் அப்படி விட்ட பம்ப்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னப்பதான், இதை அவரோட மெஷின்ல வச்சா என்னன்னு தோணிச்சு. துணி மாட்டினதும் காந்தம் பிடி விட்டா ரோலர் அங்கனயே நின்னுடும். கை தப்பும்.

அவர்கிட்டச் சொன்னேன். “ஏளா, உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? காந்தத்தை வச்சு மெஷின் ஓட்டுதாளாம்!”

“அத்தான், நீங்க சும்மா இருந்தாப் போதும். மீதியை நான் பார்த்துக்கிடுதேன்”னு சொல்லிட்டேன்.

அவசரத்துக்கு அமுக்குற சுவிட்ச் வைக்கலாமேன்னு சிலர் கேட்டாங்க. ஒரு கை உள்ளே இருக்கும்போது இன்னொரு கை சுவிட்சைத் தேடணும். தேடிப் பிடிச்சு அமுக்கினாலும் மோட்டாரோட வேகம் உடனே அடங்காது. அவருக்கு நடந்தது அப்படித்தான்.

ரெண்டு இரும்பு வட்டு கடைஞ்சேன். ஒவ்வொண்ணுலயும் விளிம்பைச் சுத்திக் காந்தத் துண்டுகள், வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்குன்னு மாத்தி மாத்தி. ஒரு வட்டு கியர் பக்கம், இன்னொண்ணு ரோலர் பக்கம். ரெண்டும் முகத்துக்கு முகம் பார்த்து நிக்கும், தொடாது. கேட்கிறதுக்கு இவ்வளவுதான். செய்யும்போதுதான் தெரிஞ்சது, காந்தம் மாதிரி அடங்காத ஜென்மம் வேற கிடையாது. முதல்ல ரெண்டு வட்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்து ‘டப்’னு ஒட்டிக்கிட்டு நின்னுது. ஷாஃப்ட் அப்படியே பக்கவாட்டுல நகர்ந்து வந்துட்டுது. அதைத் தாங்கத் தனியா ஒரு பேரிங் போட்டேன். அடுத்து, நாலு மாசத்துல காந்தம் எல்லாம் பொரிஞ்சு சாம்பல் கலர்ல பொடியாக் கொட்டிச்சு. மேல பூசியிருந்த நிக்கலை உப்புக் காத்து அரிச்சிருக்கு. மறுபடி முதல்ல இருந்து, காந்தத்தை எல்லாம் ரெசின்ல முக்கி மூடி வச்சேன். எம்மா, என் பொறுமையை எல்லாம் அதுதான் குடிச்சது.

சோதனைக்கு விரல் வேணுமே? பொங்கல் கழிஞ்ச நேரம், வீட்டுல பனங்கிழங்கு கட்டுக்கட்டாக் கிடந்தது. ரப்பர் கையுறைக்குள்ள அவிச்சதும் பச்சையுமா விரலுக்கு ஒரு கிழங்கைச் சொருகி, மேல துணியைச் சுத்தி, ஓடுற ரோலர்ல கொடுத்தேன்.

“கிழங்கு அவிச்சுத் திங்கதுக்கா, மெஷினுக்குத் தீனி போடுததுக்கா?”ன்னு அவர் கதவுக்கு வெளியே நின்னு கேட்டார். உள்ளே வரல.

முதல் தடவை கிழங்கு எல்லாம் நாராக் கிழிஞ்சு வந்தது. அவர் அதைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் போயிட்டார். எனக்கு அழுகை வந்தது. ரெண்டு வட்டுக்கும் நடுவுல இருந்த இடைவெளி குறைச்சல், பிடி ரொம்ப இறுக்கம். இடைவெளியைக் கூட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போய், கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு கோயில் மணி அடிச்சுக்கிட்டிருந்த நேரம், துணி மாட்டிச்சு, ‘டக்டக்டக்’னு ஒரு சத்தம், ரோலர் நின்னுட்டுது. கையுறையை உருவிப் பார்த்தேன். அவிச்ச கிழங்குல லேசா ஒரு அமுங்கல், அவ்வளவுதான். பச்சைக் கிழங்குல அதுவும் இல்லை.

நான் அதை உள்ளே கொண்டு போய் விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்தா அவர் மெஷின்கிட்ட நிக்கிறார். வலது கையில துணி, ரெண்டு சுத்து. நான் கத்துறதுக்குள்ள கொடுத்துட்டார். ரோலர் நின்னுது. கையை உருவி, விரலை மடக்கி நீட்டி என்கிட்டக் காமிச்சு, சிரிச்சார். விபத்துக்குப் பிறகு அவர் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். நான் அவர் தோள்ல ஓங்கி ஒண்ணு போட்டேன். “கூறு கெட்ட மனுஷா, அதுவும் போயிருந்தா?”ன்னு அழுதேன். அவர் சிரிச்சுக்கிட்டே இருந்தார்.

ஆனா மெஷின் கை தப்பிக்க மட்டுமா இருக்கு, அச்சடிக்கவும் வேணும்லா? அங்கதான் வினை. பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் ஜோரா ஓடிச்சு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏத்தினோம். அது முழுக்கக் கறுப்பு, நடுவுல இறந்தவர் படம், கீழே வெள்ளையில பேர். அவ்வளவு கறுப்புக்கு மை கெட்டியா, நிறைய ஓடணும். ரோலர் கனத்துப்போகும். காந்தத்தால இழுக்க முடியல. பிடி விடுற எல்லைக்கு வந்து, விடவும் விடாம பிடிக்கவும் பிடிக்காம, ரோலர் ஒரு முன்னும் ஒரு பின்னுமா ஆடிக்கிட்டே சுத்திச்சு. தாள்ல கறுப்பு பட்டை பட்டையா விழுந்தது.

“செத்த வீட்டுக்காரங்க இதையா பார்த்துக்கிட்டு இருக்கப்போறாங்க?”ன்னு கேட்டேன்.

“அவியதான்ளா பாப்பாவ. செவுத்துல ஒட்டுன பிறகு வேற என்ன வேலை அவியளுக்கு?”

அவர் சொன்னது சரிதான். நான் சளைக்கல. பெரிய காந்தத்தை எடுத்துட்டு அதே வட்டுல சின்னச் சின்னதா நிறைய வச்சேன். பிடி அதே அளவுதான், ஆனா ரோலர் பின்தங்குறது குறைஞ்சது. ஒரு பக்க வட்டு மேல அலுமினியத் தகடு ஒண்ணு பதிச்சேன். ரெண்டு வட்டும் ஒண்ணாச் சுத்துற வரைக்கும் அது சும்மா இருக்கும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தினா, ஆட்டத்தைப் பிடிச்சு அடக்கும். பாதிப் பட்டை போச்சு. பாதி போகல. இடைவெளியை ஒரு நகத்தளவு குறைச்சாப் பட்டை சுத்தமாப் போயிடும். அப்போ கையுறையை உள்ளே விட்டா கிழங்கு முறியும். எத்தனை தடவை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேன்னு எனக்கே தெரியாது. கெட்டி மையை இழுக்கிற அளவுக்குப் பிடி இருந்தா, அது ஒரு விரலை இழுக்கிறதுக்கும் போதும். மைக்கும் கைக்கும் காந்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. நான் எத்தனை நாள் கணக்குப் போட்டாலும் அதைத் தெரிய வைக்க முடியாதுன்னு உள்ளுக்குள்ள அப்பவே புரிஞ்சுபோச்சு.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. அச்சடிக்கும்போது வட்டுகள் நெருங்கி நிக்கணும், கழுவும்போது விலகி நிக்கணும். ஒரு நெம்புகோல் வச்சு ஒரு வட்டை நகர்த்துற மாதிரி செஞ்சேன். அங்கேயும் காந்தம் புத்தியைக் காட்டிச்சு. கிட்ட வர வர இழுப்பு கூடும், நடுவுல எங்கேயும் நிக்காது. ஒண்ணு இந்த ஓரம், இல்லாட்டி போய் ஒட்டிக்கும். ஒட்டினதைப் பிரிக்க நான் நெம்புகோல்ல தொங்கணும். நகர்ற புஷ்ஷுக்குள்ள மையும் துருவும் சேர்ந்து இறுகிடும். விலகியிருக்குன்னு நினைச்சுக் கையை வைப்போம், அது விலகியே இருக்காது. அப்படி ஒண்ணை நம்பி அவரை மெஷின்கிட்ட விட எனக்கு மனசு வரல. கழட்டி வச்சுட்டேன். கையைக் காப்பாத்துற அகலத்துலயே வட்டை நிறுத்தி, இறுக்கிப் பூட்டினேன். பட்டை விழுந்தா விழட்டும், கறுப்பு வேலை நமக்கு வேண்டாம்னு அடிச்சுச் சொன்னேன்.

அவர் சரின்னார். ஆனா சாவு யாரைக் கேட்டு வருது? தெரிஞ்ச வீடு, சொந்தக்கார வீடு, தெருக்காரங்க. இத்தனை வருஷமா அவர்கிட்ட வந்தவங்க. பிணத்தைத் தூக்குறதுக்குள்ள போஸ்டர் செவுத்துக்கு வந்தாகணும். முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அதனால கறுப்பு வேலை வந்தா, அச்சுப் பிளேட்டைத் தயார் பண்ணி, தாளையும் கட்டிக்கிட்டு, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போவார். அண்ணாச்சி நல்ல மனுஷர். ‘நீரே ஓட்டிக்கிடும் வே’ன்னு மெஷினை விட்டுக் கொடுத்துட்டு சாப்பிடப் போயிடுவார். எங்க தொழில்ல இது சாதாரணம். ஒருத்தர் மெஷின் இன்னொருத்தருக்கு எப்பவும் உண்டு. ஒரே ஒரு மரியாதைதான்: ஓட்டினவன் ரோலரைக் கழுவி, பளிச்சுனு வச்சுட்டுத்தான் வெளியே வரணும். மை காய விட்டுட்டுப் போனவனை அடுத்த தடவை படி ஏத்த மாட்டாங்க.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். “அங்கன மோட்டாரை அணைச்சுட்டுத்தான் கழுவணும், என்ன?”ன்னு ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு சொல்வேன். “ஆமா ஆமா, பச்சப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லு”ன்னு வண்டியைக் கிளப்பிடுவார்.

வீட்டுல நடந்ததுதான் வேற. எங்க மெஷின்ல அவருக்குப் பழைய தைரியம் முழுசாத் திரும்பிட்டுது. தைரியம்னா கொஞ்சநஞ்சம் இல்லை. பத்திரிகை அடிக்க வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை எல்லாம் நிறுத்தி வச்சு, “இங்கன பாருங்க, எங்க வீட்டம்மா செஞ்சது”ன்னு துணியைச் சுத்திக்கிட்டுக் கையை விட்டுக் காட்டுவார். ரோலர் நிக்கும். அவங்க ‘அடேங்கப்பா’ன்னு வாயைப் பொளப்பாங்க. “சர்க்கஸா காட்டுதீங்க? மெஷின்கிட்ட விளையாட்டு வேண்டாம்”னு நான் உள்ளே இருந்து சத்தம் போடுவேன். வெளியேதான் சத்தம். உள்ளுக்குள்ள எனக்குப் பெருமையா இருந்தது. படிச்ச படிப்பு ஒரு மனுஷனுக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கு, அதுல பெருமைப்படாம இருக்க நான் என்ன சாமியாரா? ராத்திரி அவர் இப்போ கையை விரிச்சுப் போட்டுத்தான் தூங்கினார். நான் அதைப் பார்த்துக்கிட்டே படுத்துக் கிடப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் துறைமுகத்துல லாரி ஓட்டுற பையன் ஒருத்தனோட அப்பா இறந்துட்டார்னு வந்தாங்க. இவர் பிளேட்டை எடுத்துக்கிட்டு அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போனார். நான் பட்டறையில ஒரு பம்ப்பைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். போன் வந்தது. அண்ணாச்சி. “தாயி, சீக்கிரம் பெரியாஸ்பத்திரிக்கு வா”ன்னார். அதுக்கு மேல பேச்சு வரல, விம்முறது மட்டும் கேட்டது. எந்தக் கைன்னு கேட்கலாம்னு வாயைத் திறந்தேன், கேட்கல. ஆட்டோவுல போகும்போது வழி முழுக்க, இடது கையா இருக்கட்டும், இடது கையா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே போனேன். ஏற்கெனவே போன கைதானே, அதுவே போகட்டும்னு கேட்கிற அளவுக்கு வந்துட்டேன் பாருங்க.

வலது கை. மணிக்கட்டு வரைக்கும். டாக்டர் சின்னப் பொண்ணு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, எதுவும் மிச்சம் வைக்க முடியாதும்மான்னு சொல்லிச்சு.

வராந்தாவுல அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மையும் ரத்தமும். “போஸ்டர் எல்லாம் அடிச்சு முடிச்சாச்சும்மா, அருமையா வந்திருக்கு, கழுவுனா முடிஞ்சுது, நான் இலையில உக்காந்திருக்கேன், சத்தம் கேக்கு”ன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைச்சுட்டு, “தாயி, அந்தக் காந்தத்தை என் மெஷினுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுத்துரு”ன்னார்.

“கறுப்பு ஓடாது அண்ணாச்சி. பட்டை விழும்.”

“அப்போ பொறவு பாப்போம்மா”ன்னார். அவர் மேல எனக்குக் கோபம் வரல. அவரும் பிரஸ் நடத்தியாகணும்.

மறுநாள் காலையில இவருக்கு நல்லா நினைவு வந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்க்கவே இல்லை, மேலே ஃபேனைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தார். கேட்கக் கூடாதுன்னு எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். முடியல.

“எத்தனை தடவை சொன்னேன்? ஏன் அத்தான் துணியைச் சுத்துனீங்க? அண்ணாச்சி மெஷின்ல நான் எதுவும் மாட்டலன்னு தெரியாதா?”

அவர் பைய, எனக்கு ஏதோ சமாதானம் சொல்ற மாதிரி சொன்னார்.

“எனக்குத் தெரியும்ளா. கைக்குத் தெரியலயே. துணியை எடுத்ததும் அதுவாச் சுத்திக்கிட்டு. நிக்கும்னு நெனச்சிருக்கும்.”

பக்கத்துக் கட்டில்காரங்க காப்பி கொடுத்தனுப்பினாங்க. அவர் பழக்கத்துல வலது கையை நீட்டினார். நான் டம்ளரை ஆத்தி, அவர் வாய்கிட்டக் கொண்டு போனேன்.